வீட்டில் கார் பற்றரி மாற்றுவோரும் எமது கிணறுகளும்

ஆசிரியருக்கு,

அன்புடையீர்,

யாழ்ப்பாணத்தில் கார் வைத்திருப்போர் பலர், பற்றரி மாற்றுவதற்கென்று கராஜுக்குப் போகாமல், கடையில் வாங்கிவந்து வீட்டு முற்றத்தில் தாங்களே பூட்டிக்கொள்ளும் வழக்கம் அண்மைக்காலமாகக் கூடிவருகிறது. மோட்டார் பொறிமுறையை நெடுங்காலம் கற்பித்தவன் என்ற வகையில் இதனை நான் மனமார வரவேற்கிறேன். ஒரு 10 மில்லிமீற்றர் ஸ்பானரும் நல்ல இறப்பர்க் கையுறையும் நிதானமும் இருந்தால் எவரும் செய்துமுடிக்கக்கூடிய வேலை இது. ஆனால், கராஜில் மாற்றும்போது நாம் அறியாமலே கராஜ்காரரிடம் ஒப்படைத்துவிடும் இரண்டு பொறுப்புகள், வீட்டில் மாற்றும்போது முழுமையாக எமது தலையில் வந்துவிழுகின்றன. ஒன்று, மாற்றுபவரின் கண்ணையும் கையையும் காப்பது. மற்றையது, கழற்றிய பழைய பற்றரி எங்கே போய்ச் சேருகிறது என்பது. முதலாவதைப் பற்றி ஓரளவேனும் பேசுகிறார்கள். இரண்டாவதைப் பற்றி எவரும் பேசுவதாகத் தெரியவில்லை. இவ்விரண்டையும் பற்றி உங்கள் பத்திரிகையின் வாயிலாக வாசகர்களுக்கும் எமது உள்ளூராட்சி சபைகளுக்கும் சில விடயங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

இங்கே பற்றரிகள் விரைவாகச் செயலிழப்பதற்குக் காரணங்கள் உள்ளன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலம் முழுவதும் இருந்த கார்களையே வைத்துக்கொண்டு ஓடினோம். 2022இல் எரிபொருள் இல்லாமல் வாகனங்கள் வாரக்கணக்கில் கொட்டகைகளில் நின்றபோது, அவற்றின் பற்றரிகள் மெல்ல மெல்ல வடிந்து, உள்ளிருக்கும் ஈயத் தகடுகளில் சல்பேற்றுப் படிவு இறுகிப் பாழாயின. அந்தக் காலம் கடந்துவிட்டாலும், கார் நின்றுபோகும் நிலைமை எமது ஊரில் மாறவில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெற்றோர் கோயிலுக்கும் வைத்தியசாலைக்கும் மட்டும் எடுக்கும் கார், அல்லது நல்லூர்த் திருவிழாவுக்கு வருவோருக்காக ஆண்டு முழுவதும் மூடிக்கட்டி வைத்திருக்கும் கார், பற்றரியைப் பொறுத்தவரை தினமும் கொழும்புக்கு ஓடும் வாகனத்தைவிட மோசமான வாழ்க்கையை வாழ்கிறது. சந்தைவரை போய்த் திரும்பும் குறுகிய ஓட்டத்தில், ஸ்ராட் செய்ய எடுத்த மின்சாரமே திரும்பிச் சேர்வதில்லை. கனடாவிலும் நோர்வேயிலும் இருக்கும் உறவினர்கள் குளிர்தான் பற்றரிக்கு எதிரி என்பார்கள். குளிர், ஏற்கெனவே தளர்ந்த பற்றரியைக் காட்டிக்கொடுக்கிறது. உண்மையில் பற்றரியைத் தேய்ப்பது வெப்பம். வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் அளவில் உயர்ந்தே இருந்தால் ஆயுள் ஏறத்தாழ அரைவாசியாகும் என்பது இத்துறையில் பொதுவாகக் கொள்ளப்படும் கணக்கு. எமது வெயிலில், பொனற்றுக்குள் எஞ்சினின் சூட்டோடு இருக்கும் பற்றரியிடம் குளிர்நாட்டு ஆயுளை எதிர்பார்க்க முடியாது.

இருந்தும், கார் ஸ்ராட் ஆகவில்லை என்றவுடன் புதுப் பற்றரி வாங்க ஓடுவது வீண்செலவு. முதலில் முனைகளைப் பாருங்கள். வெண்மையும் பச்சையும் கலந்த தூள் படிந்திருந்தாலோ, முனையில் பூட்டிய கம்பிப் பிடிப்பைக் கையால் அசைக்க அது ஆடினாலோ, பற்றரியில் குறையில்லாமலே கார் மறுக்கலாம். ஒரு சாதாரண மல்ரிமீற்றர் இருந்தால் மேலும் உறுதியாகத் தெரிந்துகொள்ளலாம். சில மணித்தியாலங்கள் ஓடாமல் நின்ற காரில், நன்றாக ஏற்றப்பட்ட பற்றரி 12.6 வோல்ற்றுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். 12.4 என்றால் நாலில் ஒரு பங்கு வடிந்துவிட்டது. 12 என்றால் பெரும்பாலும் காலி. ஒருவர் திறப்பைத் திருப்பி ஸ்ராட் செய்யும்போது மற்றவர் மீற்றரைப் பார்த்திருந்து, அளவு 9.6க்குக் கீழே விழுந்தால் பற்றரி தளர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். எஞ்சின் ஓடும்போது 13.8க்கும் 14.5க்கும் இடையில் காட்டாவிட்டால், குறை பற்றரியில் அல்ல, அதற்கு மின் ஊட்டும் அல்ரனேற்றரில் இருக்கக்கூடும். அந்த நிலையில் எத்தனை புதுப் பற்றரி போட்டாலும் அவை ஒவ்வொன்றாகச் சாகும்.

நீர் ஊற்றும் மூடிகள் உள்ள பற்றரி வைத்திருப்போருக்கு ஒன்று சொல்ல வேண்டும். கிணற்றுத் தண்ணீரை ஊற்றாதீர்கள். எமது கேத்தில்களின் அடியில் படிந்திருக்கும் வெள்ளைத் தோலைப் பார்த்தவர்களுக்குக் காரணம் விளங்கும். சுண்ணக்கல்லில் ஊறி வரும் எமது நீரில் உள்ள கல்சியமும் உப்பும் தகடுகளைக் கெடுக்கும். கடையில் விற்கும் வடித்த நீரை மட்டுமே, தகடுகள் மூடும் அளவுக்கு விட வேண்டும். அமிலத்தை ஒருபோதும் வீட்டில் சேர்க்கக் கூடாது.

மாற்றுவது என்று முடிவாகிவிட்டால், கழற்றும் ஒழுங்கே எல்லாவற்றிலும் முக்கியமானது. இன்றைய கார்களில் மைனஸ் முனை காரின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கிறது. எனவே முதலில் மைனஸ், பின்னர் பிளஸ் என்று கழற்ற வேண்டும். பூட்டும்போது முதலில் பிளஸ், இறுதியில் மைனஸ். இதனை ஒரு சடங்காக எண்ணி மனப்பாடம் செய்வதைவிடக் காரணத்தை விளங்கிக்கொள்வது நல்லது. மைனஸ் இணைந்திருக்கும்போது பிளஸ் முனையின் நட்டைத் திருப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஸ்பானரின் மறுமுனை பக்கத்துத் தகரத்தில் தொட்டால், பற்றரியின் முழு வலுவும், நூற்றுக்கணக்கான அம்பியர், அந்த ஒரு துண்டு இரும்பினூடாகப் பாயும். ஸ்பானர் நொடியில் சிவந்து, தீப்பொறி தெறிக்கும். சார்ஜ் ஆகும்போது பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வெளியேறுகிறது. வளியில் 4 வீதம் கலந்தாலே அது பற்றிக்கொள்ளும். அவ்வாறு வெடித்தால் சிதறுவது பிளாஸ்ரிக் துண்டுகள் மட்டுமல்ல, சல்பூரிக் அமிலமும்தான். மைனஸை முதலில் கழற்றிவிட்டால், ஸ்பானர் தகரத்தில் முட்டினாலும் மின்சாரம் பாய்வதற்கு வழியில்லை.

எமது ஊருக்கே உரிய ஒரு விலக்கையும் இங்கு குறிப்பிட வேண்டும். 1950களில் இங்கிலாந்திலிருந்து வந்த ஒஸ்ரின், மொறிஸ் கார்களை இன்றும் பேணி ஓட்டும் வீடுகள் வடமராட்சியிலும் வலிகாமத்திலும் உள்ளன. அக்காலத்து வண்டிகள் பலவற்றில் பிளஸ் முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. சில பின்னர் மாற்றியமைக்கப்பட்டன, சில அப்படியே உள்ளன. ஆகவே அத்தகைய வண்டியில் கைவைக்க முன், எந்தக் கம்பி காரின் உடலில் போய்ப் பூட்டப்பட்டிருக்கிறது என்று கண்ணால் பார்த்து, அதனையே முதலில் கழற்றி இறுதியில் பூட்ட வேண்டும். நிறத்தையோ பழக்கத்தையோ நம்பக் கூடாது.

வேலை தொடங்க முன் மோதிரம், கைக்கடிகாரம், காப்பு ஆகியவற்றைக் கழற்றி வீட்டினுள் வைத்துவிடுங்கள். குனிந்து வேலை செய்யும்போது கழுத்துச் சங்கிலி முன்னே தொங்கி இரண்டு முனைகளிலும் படுவதற்கு ஒரு கணம் போதும். தங்கம் மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்தும்; விரலில் உள்ள மோதிரம் சூடேறினால் அதனைக் கழற்ற நேரமிராது. கண்ணாடி அணியாதவர்கள் ஒரு பாதுகாப்புக் கண்ணாடியாவது போட்டுக்கொள்ள வேண்டும். அமிலம் கண்ணில் பட்டால், எதையும் தேடி ஓடாமல், உடனே ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிக்கொண்டே இருந்து, அதன் பின்னர் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அருகில் ஒரு வாளி தண்ணீரும் சிறிது அப்பச்சோடாவும் எடுத்து வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. முனைகளில் படிந்த தூளைக் கழுவவும், தகரத்தில் சிந்திய அமிலத்தை நடுநிலையாக்கவும் அப்பச்சோடாக் கரைசல் போதும். அது நுரைத்து அடங்கியபின் துடைத்துவிடலாம். பற்றரியின் மூடிகளுக்குள் மட்டும் அது போய்விடக் கூடாது.

எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இயக்கும் ஹைபிரிட் கார்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டியுள்ளது, ஏனெனில் ரொயோற்றாவின் அக்வாவும் பிறியஸும் இன்று எமது தெருக்களில் நிறைந்துவிட்டன. அவற்றிலும் ஒரு 12 வோல்ற் பற்றரி உண்டு. ஆனால் பல மாதிரிகளில் அது பொனற்றுக்குள் இல்லை. பின்னிருக்கையின் கீழோ, பின்புறச் சாமான் வைக்கும் இடத்தின் ஓரத்திலோ, அதாவது நாம் மூச்சுவிடும் அதே அறைக்குள் இருக்கிறது. ஆகையால்தான் அதற்கு அமிலம் கண்ணாடி இழைப் பாயில் ஊறியிருக்கும் ஏ.ஜி.எம். வகைப் பற்றரியைப் பொருத்தி, வாயு வெளியேறுவதற்கு ஒரு மெல்லிய குழாயைக் காருக்கு வெளியே கொண்டுசெல்கிறார்கள். விலை குறைவு என்பதற்காகச் சாதாரண நீர்ப் பற்றரியை அந்த இடத்தில் வைப்பதும், புதுப் பற்றரியைப் பூட்டிவிட்டு அந்தக் குழாயை மாட்டாமல் விடுவதும், எரிவாயுவைக் குழந்தைகள் அமரும் இருக்கையின் கீழ் சேர்த்து வைப்பதற்குச் சமம். அதே கார்களில் செம்மஞ்சள் நிற உறையுடன் செல்லும் கம்பிகள் உயர் மின்னழுத்தம் கொண்டவை. முதல் தலைமுறை அக்வாவின் பிரதான பற்றரி 144 வோல்ற். அந்தக் கம்பிகளை எக்காரணம் கொண்டும் தொடக் கூடாது. அந்தப் பெரிய பற்றரி வீட்டில் செய்யும் வேலைக்குள் அடங்காது.

கடையில் வாங்கும்போது பழைய பற்றரியின் மேலுள்ள குறியீட்டை அப்படியே எழுதிக்கொண்டு போங்கள். ஜப்பானிய முறையில் 40பி19எல் என்று இருந்தால், 19 என்பது சென்ரிமீற்றரில் நீளம். கடைசி எல் அல்லது ஆர் என்பது முனைகள் எந்தப் பக்கம் அமைந்துள்ளன என்பதைக் காட்டும். இது மாறிவிட்டால் கம்பி எட்டாது, அல்லது இழுத்துப் பிடித்து மாறிப் பூட்டுவதில் முடியும். அப்படி ஒரு கணம் மாறிப் பட்டாலே அல்ரனேற்றரின் டயோட்டுகளும் காரின் கணினிப் பெட்டியும் எரிந்துபோகலாம். அந்தச் செலவில் பல பற்றரிகள் வாங்கலாம். ஈய முனைகள் மென்மையானவை. பிடிப்பு இறங்கவில்லை என்று சுத்தியலால் தட்டினால் உள்ளே உள்ள இணைப்பு முறிந்துவிடும். பிடிப்பின் வாயை ஸ்குறூ றைவரால் சற்று விரித்து இறக்கி, அளவாக இறுக்கி, மேலே சிறிது வசலின் பூசிவிட்டால் தூள் படிவது குறையும். பற்றரியை அதன் தாங்குதட்டோடு சேர்த்துப் பிடிக்கும் பட்டியையும் மறக்காமல் பூட்ட வேண்டும். எமது உள்ளொழுங்கைகளின் குலுக்கலில் தளர்ந்திருக்கும் பற்றரி நெடுநாள் நிலைக்காது. வேலை நடக்கும்போது காரின் திறப்பு உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும். மின்சாரம் திரும்ப வந்தவுடன் கதவுகள் தாமாகவே பூட்டிக்கொள்ளும் கார்களும் உண்டு.

இனி, நான் இக்கடிதத்தை எழுதுவதற்கான முக்கிய காரணத்துக்கு வருகிறேன்.

புதுப் பற்றரி பூட்டியாகிவிட்டது, கார் ஸ்ராட் ஆகிவிட்டது, வீட்டுக்காரர் கைகழுவிவிட்டார். பழையது மதிலோரத்தில் அல்லது கோழிக்கூட்டின் பக்கத்தில் மழையிலும் வெயிலிலும் கிடக்கிறது. ஒருநாள் ஒலிபெருக்கி கட்டிய சிறு லொறியில் பழைய இரும்பு வாங்குபவர் ஒழுங்கைக்கு வருகிறார். கோண்டாவிலில் எமது அயலில் நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். அவர் பற்றரியைத் தூக்கிப் பார்த்தார். அமிலத்தின் நிறைக்குக் காசு கொடுக்க அவருக்கு விருப்பமில்லை. மூடிகளைத் திருகிக் கழற்றி, வேலியோரத்தில் கவிழ்த்துப் பிடித்தார். செம்மண்ணில் புதைந்திருந்த சுண்ணாம்புக் கற்களின் மேல் அது சீறி நுரைத்து, சாம்பல் நிறச் சேறாக இறங்கியது. அந்த இடத்துக்கும் கிணற்றுக்கட்டுக்கும் இடையில் ஒரு வாழைப்பாத்தி மட்டுமே இருந்தது. அடுத்த மழைக்கும் அந்த இடத்தில் புல் முளைக்கவில்லை. மூடியே இல்லாத பற்றரி என்றால், கோடாரியால் கொத்தித் திறப்பதாக அவரே சொன்னார். அவரைக் குற்றவாளியாக்குவது என் நோக்கமல்ல. வேறு வழி என்னவென்று அவருக்கு எவரும் சொல்லவில்லை, அவ்வாறு செய்ய வேண்டாம் என்று வீட்டுக்காரரும் சொல்லவில்லை.

அமிலம் சுண்ணக்கல்லோடு சேர்ந்து செயலற்றுப்போய்விடும் என்று சிலர் சமாதானம் சொல்வர். அமிலத்தைப் பொறுத்தவரை அதில் ஓரளவு உண்மையுண்டு. ஆனால் அமிலத்தோடு சேர்ந்து வெளியேறும் கரும்சேறு ஈயச் சேறு. ஒரு கார் பற்றரியின் நிறையில் அரைவாசிக்கும் மேற்பட்டது ஈயமே. ஈயம் உக்குவதில்லை, ஆவியாவதில்லை, காலப்போக்கில் வேறொன்றாக மாறுவதுமில்லை. விழுந்த மண்ணிலேயே தலைமுறைகளுக்கு இருக்கும். அந்த மண்ணில் விளையாடிவிட்டு விரலை வாயில் வைக்கும் குழந்தையின் உடலுக்குள் அது போய்ச் சேரும். பெரியவர்களைவிடக் குழந்தைகள் பல மடங்கு கூடுதலாக ஈயத்தை உறிஞ்சுகிறார்கள். அது வளரும் மூளையைத் தாக்கி, கற்கும் ஆற்றலைக் குறைக்கிறது. இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பாதகமில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

இது மிகைப்படுத்தல் என்று நினைப்போர் செனகல் நாட்டில் நடந்ததை அறிய வேண்டும். தலைநகர் டாக்காரின் புறநகரான தியாரோயில், பழைய பற்றரிகளை உடைத்து ஈயம் எடுக்கும் தொழில் குடியிருப்புகளின் நடுவே நடந்துவந்தது. 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அங்கே 18 சிறு பிள்ளைகள் உயிரிழந்தார்கள். எமது ஒழுங்கைகளில் நடப்பது அந்த அளவினதன்று. ஆயினும் அங்கே மண்ணில் கலந்த பொருளும் இங்கே வேலியோரத்தில் ஊற்றப்படும் பொருளும் ஒன்றுதான். வலைக்கு ஈயக் குண்டு வார்ப்பதற்காகப் பழைய பற்றரித் தகட்டை முற்றத்து அடுப்பில் உருக்க நினைப்போரும் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும். அந்தப் புகையும் தூசும் சமையலறைக்குள்ளும் கொடியில் காயும் துணியிலும் படிந்துவிடும்.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இல்லை. குடிப்பதற்கும் தோட்டத்துக்கும் நாம் காலங்காலமாக நம்பியிருப்பது நிலத்தடி நீரையே. அந்த நீர் நிற்பது பிளவுகளும் குகைகளும் நிறைந்த சுண்ணக்கல்லில் என்பதற்கு நிலாவரைக் கிணறே சாட்சி. பல இடங்களில் அதன் மேல் உள்ள மண் மெல்லியது. மேலே ஊற்றியது கீழே போவதற்கு நெடுந்தூரம் இல்லை. ஒருவர் வளவில் ஊற்றியது அவரது கிணற்றோடு நின்றுவிடும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. நீரை அளவுக்கு மீறி இறைப்பதைப் பற்றியும் உரமும் மலசலகூடக் குழிகளும் கிணற்றைக் கெடுப்பதைப் பற்றியும் எமது அறிஞர்கள் பல ஆண்டுகளாக எழுதி வருகிறார்கள். பற்றரி அமிலமும் அந்தப் பேச்சில் சேர வேண்டும். கார் மட்டுமல்ல, முச்சக்கரவண்டி, மோட்டார் சைக்கிள், உழவு இயந்திரம், வீட்டு யு.பி.எஸ். என்று இந்தப் பற்றரி இல்லாத வீடு இன்று அரிது.

ஈயம் ஏறத்தாழ முழுமையாக மீட்கக்கூடிய உலோகம். முறையான ஆலையில் உருக்கினால் திரும்பத் திரும்பப் புதுப் பற்றரியாகும். எனவே பழைய பற்றரிக்கு எப்போதும் விலை உண்டு, அதுவே எமக்குச் சாதகமான விடயம். பழையதைக் கொடுத்தால் புதியதன் விலையில் ஒரு தொகையைக் கழிக்கும் கடைகள் யாழ்ப்பாணத்திலும் உள்ளன. ஆனால் வீட்டில் மாற்றுபவர் புதியதை முதலில் வாங்கிப் போய்விடுகிறார். பழையதைக் கொண்டுவருவதற்கு மீண்டும் ஒரு பயணம் வர வேண்டியிருப்பதால் அது வேலியோரத்துக்குப் போகிறது. பற்றரி விற்போர் புதியதை விற்கும்போது ஒரு வைப்புத் தொகையைப் பெற்று, குறித்த நாட்களுக்குள் பழையதை முழுதாக, அமிலத்தோடும் மூடியோடும் கொண்டுவந்து தருபவருக்கு அதனைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கத்தை ஏற்படுத்தலாம். வணிகர் கழகத்தினர் தாமாகவே இதனைத் தொடங்கலாம். சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

யாழ்ப்பாண மாநகர சபையும் நகர சபைகளும் பிரதேச சபைகளும் செய்யக்கூடியவை இரண்டு உள்ளன. கழிவுகளைத் தரம்பிரித்துச் சேகரிக்கும் ஏற்பாட்டில், மாதத்தில் ஒரு நாளையாவது பற்றரிகளுக்கென ஒதுக்கி, அவற்றைக் கூரையும் சீமெந்துத் தளமும் உள்ள இடத்தில் சேர்த்து, மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி பெற்ற மீள்சுழற்சியாளரிடம் ஒப்படைக்கலாம். பழைய இரும்பு சேகரிப்போருக்கு அனுமதிப்பத்திரம் வழங்கும்போது, பற்றரியை வீட்டு வளவில் திறக்கவோ கவிழ்க்கவோ கூடாது என்பதை நிபந்தனையாக எழுதி, அவர்களுக்குக் கையுறையும் மூடியுள்ள பிளாஸ்ரிக் தொட்டியும் வழங்கலாம். அவர்களும் தம் பிள்ளைகளிடம் அதே உடுப்போடுதான் திரும்பிப் போகிறார்கள். சபை உறுப்பினர் ஒருவரேனும் அடுத்த அமர்வில் இதனை ஒரு பிரேரணையாகக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதுவரை வாசகர்களிடம் வேண்டுவது இதுதான். கழற்றிய பற்றரியைச் சாய்க்காமல், நிமிர்த்தியபடியே, பழைய பிளாஸ்ரிக் பேசின் ஒன்றில் வைத்து, மழை படாத, பிள்ளைகளும் கோழிகளும் எட்டாத இடத்தில் வையுங்கள். அடுத்த முறை பட்டினத்துக்குப் போகும்போது காரின் பின்புறத்தில் அந்தப் பேசினோடே ஏற்றிச்சென்று, புதியதை வாங்கிய கடையிலேயே கொடுங்கள். வீட்டுக்கு வருபவருக்கு விற்பதானால், முழுப் பற்றரியாகவே லொறியில் ஏறட்டும். வளவுக்குள் மூடியைத் திறக்க விடாதீர்கள், அதனால் சில நூறு ரூபா குறைந்தாலும் பரவாயில்லை.

நன்றி.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மோட்டார் பொறிமுறைப் போதனாசிரியர்,
கோண்டாவில்.